குளமும் தாங்கியும்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு திருகோணமலை

திருகோணமலையிலிருந்து கொழும்பு வீதியில் போகிறவர் முதலில் சீனக்குடாவைக் கடக்கிறார். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. அடுத்துத் தம்பலகாமத்து வயல்வெளி. நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றரில், அந்த வயல்களுக்குத் தண்ணீர் தருகிற கந்தளாய்க் குளம். தாங்கி என்பது உருக்குத் தகட்டால் அடைத்த உருளை. குளம் என்பது மண்கட்டு போட்டு மறித்த பரந்த நீர். தமிழில் பேசுகிற எவருக்கும் இவை இரண்டும் ஓரினம் என்று தோன்றாது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே பெயர்: டாங்க். கந்தளாய் டாங்க் என்றுதான் வரைபடத்தில் இருக்கும்; சீனக்குடாவில் இருப்பதை ஒயில் டாங்க் ஃபாம் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது எந்த மொழிக்கும் குறை இல்லை. ஆனால் நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டை, ஆங்கிலக் கோப்பைப் பார்த்து நாமும் ஒன்றாக்கிக்கொண்டால், குளத்தையும் ஒரு கொள்கலம்போல நடத்தத் தொடங்குவோம். அந்த நட்டம் வயலில்தான் தெரியும் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் அந்தச் சொல் வந்த வழியைப் பார்க்கலாம். டாங்க் என்பது ஆங்கிலேயர் ஊரிலிருந்து கொண்டுவந்த சொல் இல்லை. இந்தப் பக்கத்துக் கடற்கரையில் அவர்கள் பொறுக்கிக்கொண்டது. குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கும் தேக்கத்துக்கும் டாங்கி, டாங்கே என்று வழங்கிய சொற்கள் ஒரு பக்கம். தேங்கிய நீர்நிலையைக் குறிக்கும் தாங்க்கே என்ற போர்த்துக்கேயச் சொல் மறுபக்கம். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வந்ததால் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. யூலும் பேர்னலும் 1886இல் வெளியிட்ட ஹொப்சன்-ஜொப்சன் அகராதி இந்த இரட்டைப் பிறப்பை விரிவாகவே பேசுகிறது. நமக்கு முக்கியமானது இது: 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இந்தச் சொல்லால் முதலில் குறித்தது குளத்தையும் நீர்த்தேக்கத்தையும்தான். இரும்புப் பெட்டி, எண்ணெய்க் கலம், மீன் தொட்டி எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இன்றைக்கு இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ டாங்க் என்றால் பெரும்பாலானோருக்குக் குளம் நினைவுக்கு வராது. மூலப் பொருள் தேய்ந்து, பெரும்பாலும் இலங்கை, இந்திய ஆங்கிலத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

ஒட்டிக்கொண்ட பொருள்களின் பட்டியல் நீளம். அவற்றில் கவச வண்டியின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் ஒரு போர்வண்டியை இரகசியமாகச் செய்தார்கள். லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் உருவான அந்த இரும்பு உடலைப் பார்க்கிறவர்கள் அதை ஒரு தண்ணீர்க் கலம் என்று நினைக்கட்டும் என்பதற்காக, 1915 டிசம்பரில் அதற்கு டாங்க் என்று மறைபெயர் வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியது. மறைபெயரே நிலைத்த பெயராகிவிட்டது. நீச்சல் குளத்தை டாங்க் என்று அழைத்த காலத்தில் அங்கே அணிந்த உடையிலிருந்து கையில்லாத மேற்சட்டைக்கு டாங்க் டொப் என்ற பெயர் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்கும் குத்துச்சண்டைக்காரர் டாங்கில் குதித்தார் என்று பேசப்பட்டார். இன்று வேண்டுமென்றே தோற்பதற்கும், பங்குச்சந்தை சடுதியாகச் சரிவதற்கும் அதே சொல் வினையாக நிற்கிறது. கொள்கை ஆராயும் நிறுவனம் திங்க் டாங்க்; குடித்துவிட்டுப் பிடிபட்டவரை அடைக்கும் அறை டிரங்க் டாங்க். இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். பெரும்பாலானவற்றில் நிலைத்தது ஓர் உள்ளடக்கம், நான்கு பக்கமும் அடைத்த ஒரு சுவர். கரையும் மழையும் ஊரும் சேர்ந்த நீர்நிலை என்ற பொருள் ஒதுங்கிப் போனது.

தமிழ் இதை எப்படி எதிர்கொண்டது? ஒரு சொல்லை ஒரு சொல்லால் மாற்றாமல், பொருளைப் பார்த்துப் பிரித்தது. நீர்ப்பாசனத்துக்கு உரியது குளம். வீட்டுக் கூரையில் நிற்பது தண்ணித் தாங்கி. மோட்டார் சைக்கிளில் இருப்பது பேச்சில் பெற்றோல் டாங்கி. மீனுக்குத் தொட்டி, மலசலகூடத்துக்குக் குழி, போருக்கு யுத்த தாங்கி, ஆராய்ச்சிக்குச் சிந்தனைக் குழாம். சீனக்குடாவில் இருப்பவற்றை ஈழத்துப் பத்திரிகைகள் எண்ணெய்க் குதங்கள் என்றும் எழுதும். டாங்கர் லொறி என்று தமிழ்நாட்டில் சொல்வதை நாம் பவுசர் என்கிறோம். மண்ணெண்ணெய்ப் பம்பி செய்த அமெரிக்கர் ஒருவரின் குடும்பப் பெயர் அது. குளத்திலும் தமிழ் ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. சின்னது மோட்டை, கந்தளாய்ப் பக்கத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டு கிடைத்த பாலமோட்டையின் பெயரிலே அது இருக்கிறது. ஆழமான நீர்நிலை மடு. மகாவலி பெருகும்போது நிரம்பி, வடியும்போது புல்லாகிற தாழ்நிலம் வில்லு. படிகட்டிய கோயில் நீர்நிலை கேணி. ஆங்கில வரைபடம் இவற்றில் பலவற்றை டாங்க் என்று ஒரே பெயருக்குள் போட்டுவிடும். அங்கே நீர்வளம் இருப்பது மட்டும் அதிலிருந்து தெரியும். அந்த நீர் எப்படி வருகிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, எதற்கு உதவுகிறது என்பது நம் சொற்களில்தான் இருக்கிறது.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சீனக்குடாத் தாங்கிகளைப் பிரித்தானியர் 1930களில் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து போனது. வெப்பத்தில் உருகிச் சுருண்ட அதன் தகடுகள் மரங்களுக்கு நடுவே இன்னும் கிடக்கின்றன. இப்போது எஞ்சியவை 99. இவற்றின் வரலாறு முழுவதும் எண்ணிக்கையாலும் கையெழுத்தாலும் ஆனது. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இவற்றை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது என்று எழுதினார்கள். 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி அவற்றைக் குத்தகைக்கு எடுத்தது. 2022 ஜனவரியில் 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்தார்கள். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ஒரு தாங்கியை இப்படி எண்ணலாம், பிரிக்கலாம், குத்தகைக்குக் கொடுக்கலாம். காலியாக எத்தனை வருடம் கிடந்தாலும் துருவைச் சுரண்டிப் பூச்சு அடித்து மறுபடி நிரப்பலாம். அதன் இயல்பே அதுதான், அதில் பிழை ஒன்றும் இல்லை.

குளத்தை அப்படிப் பிரிக்க முடியாது. கந்தளாய்க் குளத்தின் தொடக்கத்தைச் சூளவம்ச மரபு இரண்டாம் அக்கபோதி மன்னனோடு இணைக்கும். கோணேசர் கல்வெட்டு முதலான தமிழ் மரபு குளக்கோட்டனோடு இணைக்கும். குளமும் கோட்டமும் கட்டியவன் என்பதே அவன் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். கட்டியவர் யாராக இருந்தாலும், அதை நூற்றாண்டுகளாகக் காத்தவர்கள் அதற்குக் கீழே விதைத்தவர்கள். கமக்காரர் பேச்சில் குளம் என்றால் நீர்ப்பரப்பு மட்டும் இல்லை. நீரை மறிக்கும் கட்டு, அலை மோதும் அலைகரை, தண்ணீரைத் திறந்துவிடும் துருசு, மிஞ்சியது வழியும் வான், வயலுக்குப் போகும் வாய்க்கால் எல்லாம் சேர்ந்ததுதான் குளம். குளம் வான் பாயுது என்று மாரியில் சொல்லும்போது அதில் கணக்கும் இருக்கிறது: கொள்ளளவு நிரம்பியது, கட்டைப் பார்க்க வேண்டும், கீழே உள்ளவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும், பெரும்போகத்துக்குக் கவலை இல்லை. எப்போது துருசைத் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், மாடுகளை எப்போது வயலை விட்டு அப்புறப்படுத்துவது என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். நீர் குறைந்த சிறுபோகத்தில் குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் எல்லோரும் பங்கிட்டு விதைக்கும் பழைய வழக்கம் வறள் வலயம் எங்கும் இருந்தது. சிங்கள ஊர்களில் அதைப் பெத்ம என்பார்கள். தண்ணீர் குறைந்தால் காணி உரிமையையே தற்காலிகமாக மாற்றிக்கொள்ளும் அந்த இணக்கமும் குளத்தின் ஓர் உறுப்பு.

இது வெறும் நெகிழ்ச்சிப் பேச்சு இல்லை என்பதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. 1832இல் கோல்புறூக் சீர்திருத்தத்தோடு இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பிலிருந்து மக்கள் விடுபட்டது நல்லதே. அந்தச் சுமையை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆனால் கட்டைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் ஊர் ஒன்றுகூடிய வழக்கமும் அதோடு சேர்ந்து தளர்ந்தது. சிறு குளங்கள் பல கவனிப்பாரற்றுக் கெட்டன. 1856இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில், நெற்காணி நீர்ப்பாசனத்தில் பழைய ஊர் வழக்கங்களை மீட்டெடுக்கவென்றே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வெறும் கொள்கலமாக இருந்தால் கொத்தனார் ஒருவரை அனுப்பி ஓட்டையை அடைத்திருக்கலாம். மனித ஏற்பாடு குலைந்தபோது குளமும் குலைந்தது. அதைச் சரிசெய்யச் சட்டமே தேவைப்பட்டது.

கொள்கலமாகப் பார்ப்பதன் கேடு இன்றைய வேலைகளிலும் தெரிகிறது. குளம் தூர்ந்துவிட்டது என்றால் உடனே வருகிற யோசனை, இயந்திரத்தை இறக்கி ஆழமாகத் தோண்டு என்பது. கலத்துக்கு அது சரி; ஆழம் கூடினால் கொள்ளளவு கூடும். குளத்தில் துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வாய்க்காலில் ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும், வயலுக்குப் பாயாது. அளவு தெரியாமல் தோண்டினால் அடியில் படிந்த இறுக்கமான களிமண் உடைந்து கசிவு கூடலாம். மண் வந்து சேர்வதற்குக் காரணம் மேலே, நீரேந்து காட்டில் இருக்கிறது. குளத்துக்குள் நீர் நுழையும் இடத்துப் புல்வெளி மண்ணை வடிகட்டுகிறது. கரையோர மரவரிசை காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. கட்டுக்கும் வயலுக்கும் இடையில் விட்ட மரக்காடு, கசிந்து வரும் உப்பை வயலுக்குப் போகாமல் மறிக்கிறது. இவற்றையெல்லாம் வெட்டி வெளியாக்கிவிட்டு, நடுவே மட்டும் தோண்டினால் சில வருடத்தில் குளம் மறுபடி தூரும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் மாண்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒரு தாங்கி வெடித்தால் பெரும்பாலும் அதன் சுற்றுப்புறத்தோடு கட்டுப்படுத்த முடியும். ஒரு குளம் உடைந்தால் ஊர் போகும், போகம் போகும், விதைநெல் போகும். அந்த அளவுக்கு ஊரோடு பின்னியது அது.

தமிழ்நாட்டிலும் இதே பாடம் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் லோங் டாங்க் என்று அழைத்தார்கள். 1920களில் அதை வற்றவைத்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு என்ற தெருப்பெயர் இன்றும் இருக்கிறது. பெயர் சொல்லும் ஏரியும் கட்டும் இல்லை. கலம் தேவைப்படாதபோது அதை அகற்றிவிடலாம் என்ற எண்ணம் அந்த முடிவின் அடியில் இருந்தது. மழைநீர் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற பாதையில் அந்த ஏரி ஒரு கண்ணி என்பதை எண்ணிப் பார்த்திருந்தால் அவ்வளவு எளிதாக மூடியிருக்க மாட்டார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை, இடம் பார்த்துப் பொருள் விளங்கும் என்பது முதலாவது. உண்மை. கந்தளாய் டாங்கில் பெற்றோல் இருக்கிறதென்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். நான் சொல்லும் குழப்பம் அந்த மட்டத்தில் இல்லை. ஒரு திட்ட அறிக்கை குளத்தைப் பற்றி எழுதும்போது கொள்ளளவு, கட்டின் நீளம், செலவு என்ற மூன்று நிரல்களை மட்டும் வைக்கிறதா, நீரேந்து காட்டுக்கும் கீழ் வயலுக்கும் கமக்காரர் அமைப்புக்கும் நிரல் வைக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. சொல் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் படிவம் கேட்கும். படிவம் கேட்டதுக்குத்தான் பணம் ஒதுக்கப்படும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஆங்கிலத்தில் டாங்க் என்று எழுதிய பொறியியலாளரும் ஆய்வாளரும் குளத்தை ஆழமாக அறிந்தவர்களே என்பது அது. ஆர்.எல். புரோகியர் 1930களில் வெளியிட்ட பண்டைய இலங்கை நீர்ப்பாசன நூல் அதற்குச் சாட்சி. பேராசிரியர் மத்தும பண்டார 1985இல், ஒரு குளத்தின் மிச்சநீர் அடுத்த குளத்துக்கு வழியும் தொடரை டாங்க் காஸ்கேட் என்ற பெயரில் விளக்கினார். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு இலங்கை வறள் வலயத்தின் குளத்தொடர்க் கிராம முறையை உலக வேளாண் மரபாக ஏற்றபோதும் ஆங்கிலத்தில் டாங்க் என்றே எழுதியது. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதே நேரம், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். வெறும் டாங்க் போதாதென்று கண்டு, தொடர் என்றும் கிராமம் என்றும் அடைமொழி சேர்த்தார்கள். எந்தச் சொல்லும் தானாகக் கெட்டதில்லை. தெரிந்தவர் கையில் அது நிறையும். நமக்குக் குளம் என்ற சொல் அந்த நிறைவோடு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

மூன்றாவது, அன்பினால் வருகிற மறுப்பு: டாங்க் என்பதே தமிழ்தானே, தாங்கு என்ற வேரிலிருந்து வந்ததுதானே என்பார்கள். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று நீர்நிலைக்குத் தாங்கல் என்ற சொல் வடதமிழ்நாட்டில் உண்டு. நாமும் தாங்கி என்கிறோம். ஒலி ஒத்திருப்பது மகிழ்ச்சி தரும், ஆனால் சான்று ஆகாது. ஆங்கில அகராதிகள் காட்டும் வழி மேற்கிந்தியாவையும் போர்த்துக்கல்லையும் நோக்கியே போகிறது. நம் சொல்லுக்குப் பெருமை சேர்க்க அந்த உறவு தேவையும் இல்லை. தாங்கி என்ற நல்ல தமிழ்ச் சொல், வந்த சொல்லின் ஒலியையும் வைத்து, தன் பொருளையும் வைத்து, கலத்துக்கு மட்டும் பொருந்தி நிற்கிறது. அது போதும்.

குளத்தின் பெயரே ஊரின் பெயராகும்போது, பெயர் மாற்றம் எவ்வளவு உணர்வோடு கலந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியவிளாங்குளம் என்பதும் மகாதிவுல்வெவ என்பதும் ஒரே ஊர். பெரிய, விளா, குளம் என்று இரண்டிலும் அதே மூன்று பொருள்தான். தமிழ்க் கமக்காரரும் சிங்களக் கமக்காரரும் முஸ்லிம் கமக்காரரும் ஒரே வானையும் ஒரே துருசையும் பார்த்து வாழும் இடத்தில், குளம் என்றும் வெவ என்றும் சொல்கிற இரண்டு மொழிகளுமே அதை ஊரோடு சேர்த்தே அறிந்திருக்கின்றன. இரண்டு பெயரும் பலகையில் நிற்கட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் நேரானது. மொழிபெயர்க்கிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும், டாங்க் என்று எங்கு கண்டாலும் நின்று பொருளைப் பாருங்கள். எண்ணெய் நிற்பது தாங்கி அல்லது குதம், வயலுக்குப் பாய்வது குளம், சிறியது மோட்டை. திட்டம் வகுக்கும் அலுவலர்கள், குளத்துக்கு நிதி கேட்கும்போது நீரேந்து காடு, கரை மரம், துருசு, வாய்க்கால், ஆரம்பக் கூட்டம் ஆகிய ஐந்தையும் படிவத்தில் சேருங்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள், அலைகரை, வான், துருசு என்ற சொற்களைப் பிள்ளைகளுக்குக் குளக்கட்டிலே வைத்துச் சொல்லிக் கொடுங்கள். இந்தப் பதிவைப் படிக்கிற உங்கள் ஊரில் ஒரு குளம் இருந்தால், அதன் உறுப்புகளுக்கு உங்கள் ஊரார் வழங்கும் பெயர்களை மூத்த கமக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.